சீகிரியாக் குன்றும் ஒரு புதுப் பாட்டும்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலே, காட்டின் பசுமைக்கு நடுவே, ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றது சீகிரியாக் குன்று. சிங்ககிரி என்னும் பெயரே மருவிச் சீகிரியா ஆயிற்று என்பர். இக்குன்றைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பொருள்கள் மூன்று: காசியப்ப மன்னனின் கதை, பாறையில் தீட்டிய ஓவியங்கள், அடிவாரத்துப் பூங்காக்கள். நாம் இன்று அவற்றைத் தொட்டுக்கொண்டு வேறொரு செய்திக்குச் செல்வோம். 1982-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள் தங்கள் பாட்டு ஒன்றுக்குப் படம் பிடிப்பதற்காக இக்குன்றின் உச்சிக்குச் சென்றார்கள். அந்தப் பாட்டும், அதே பயணத்தில் படமாக்கப்பட்ட இன்னொரு பாட்டும் அவர்களை உலகப் புகழுக்கு உயர்த்தின. காதுக்கென்று பிறந்த பாட்டு கண்ணுக்கும் உரியதாக மாறிய வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் கிடைத்தது இவ்வாறுதான்.

முதலில் குன்றின் பழங்கதையைச் சுருக்கமாகக் காண்போம். கலாவெவ என்னும் பெருங்குளத்தை அமைத்த தாதுசேன மன்னனை அவன் மகன் காசியப்பனே கொன்று அரியணை ஏறினான் என்று சூளவம்சம் கூறுகின்றது. உரிமை இளவரசனான முகலன் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றான். தம்பி படையோடு திரும்பி வருவான் என்ற அச்சம் காசியப்பனை விடவில்லை. ஆகவே அநுராதபுரத்தை விட்டு இக்குன்றின்மீது அரண்மனை கட்டி, கி.பி. 477 முதல் 495 வரை இங்கிருந்து ஆண்டான். இறுதியில் முகலன் வந்தான். போர்க்களத்தில் சேற்று நிலத்தைக் கண்டு மன்னனின் யானை விலகித் திரும்ப, மன்னன் புறங்காட்டுகிறான் என்று எண்ணிப் படை சிதறியது. தனித்து நின்ற காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு மாண்டான் என்பது கதை. அதன்பின் சீகிரியா பிக்குகளின் உறைவிடமாயிற்று.

மன்னன் மறைந்தான், அவன் காலத்து ஓவியங்கள் மறையவில்லை. குன்றின் மேற்குப் புறத்தில், பாறை உள்வாங்கிய ஓரிடத்தில், மலர் ஏந்திய மங்கையர் இருபதளவில் இன்றும் காட்சி தருகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் வழியில் சுண்ணச் சாந்து பூசி மெருகேற்றிய நெடுஞ்சுவர் ஒன்று உண்டு. கண்ணாடிபோல் மின்னியதால் கண்ணாடிச் சுவர் என்றே அதனை அழைக்கின்றனர். காசியப்பனுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் இங்கு வந்த யாத்திரிகர்கள், ஓவியத்தைக் கண்டு வியந்து, தம் வியப்பைப் பாட்டாக்கி அச்சுவரிலே கீறி வைத்தார்கள். அவற்றுள் மிகப் பல எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. பேரறிஞர் செனரத் பரணவிதான பல்லாண்டு உழைத்து, 685 பாட்டுகளைப் படித்து விளக்கி, 1956-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். சிங்கள இலக்கியத்தின் தொன்மையை அறிவதற்கு அவை அருஞ்செல்வமாக விளங்குகின்றன.

அப்பாட்டுகளின் சிறப்பு என்னவெனில், அவற்றைப் பாடியோர் அரசவைப் புலவர்கள் மட்டும் அல்லர். பிக்குகள், போர்வீரர்கள், அதிகாரிகள், பெண்கள் எனப் பல நிலையினர் எழுதியிருக்கின்றனர். ஒருவர் அழகைப் புகழ்கிறார். இன்னொருவர் பேசாத ஓவிய மங்கையைக் கண்டு ஏங்குகிறார். வேறொருவர் கேலி செய்கிறார். எழுதியோரில் பலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தே பொறித்துள்ளனர். பெயர் சொல்லி, ஊர் சொல்லி, கண்டதைச் சொல்லி விடைபெறுவது அவர்கள் மரபாக இருந்தது. இங்கே கண்ணாற் கண்ட ஓவியம் பாட்டாக மாறியது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் 1982-இல் நிகழ்ந்தது இதற்கு நேர் எதிரான திசையிலே ஆகும்.

இனி, பாட்டு நம்மை வந்தடைந்த வழியைச் சிறிது நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாட்டு என்பது காதின் செல்வம். இசைத்தட்டு அதனை வீட்டுக்குக் கொண்டு வந்தது; வானொலி அதனை ஊர் முழுவதற்கும் பொதுவாக்கியது. கொழும்பில் 1925-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் இலங்கை வானொலி என்ற பெயரோடு கடல் கடந்தும் புகழ் பெற்றது. தமிழகத்துச் சிற்றூர்களிலும் அதன் வர்த்தக சேவையைக் கேளாத வீடு குறைவு. எஸ். பி. மயில்வாகனனின் குரலை அறிந்தவர்கள் அவர் முகத்தை அறிந்திருந்தார்களா? பெரும்பாலோர் அறியார். முகம் தெரியாமலே குரலை நேசித்த காலம் அது. திரைப்படப் பாட்டுக்குக் காட்சி உண்டென்றாலும், கொட்டகைக்குப் போகும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிட்டும். நாள்தோறும் அப்பாட்டை நம்மிடம் சேர்த்தது வானொலியே.

இலங்கையில் 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் எழுந்த பொப்பிசையும் இவ்வாறே செவி வழியாகப் பரவியது. ஆனஸ்லி மாலேவன, கிளாரன்ஸ் விஜேவர்தன ஆகியோரின் மூன்ஸ்டோன்ஸ் குழு, கிற்றார் இசையோடு எளிய சிங்களச் சொற்களை இணைத்து இளைஞரைக் கவர்ந்தது. தமிழில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழிக்கே ஒரு துள்ளலைத் தந்தது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழகத்தின் கல்யாண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் ஒலித்தது. இவர்களை வளர்த்தவை மேடையும் இசைத்தட்டும் வானொலியுமே.

மேனாட்டிலும் நிலைமை பெரிதும் இவ்வாறுதான் இருந்தது. பாட்டுக்கென்று சிறு படங்கள் முன்னரும் எடுக்கப்பட்டதுண்டு. எனினும் அவற்றை நாள் முழுதும் காட்டுவதற்கு நிலையம் இல்லை. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. பாட்டுப் படங்களை இடையறாது காட்டுவதே அதன் தொழில். அது முதன்முதலாகக் காட்டிய பாட்டு பகிள்ஸ் என்னும் குழுவினருடையது. ‘ஒளிப்படம் வானொலி நட்சத்திரத்தைக் கொன்றுவிட்டது’ என்பது அப்பாட்டின் பெயருக்குப் பொருள். வானொலியில் பேசும் நாம் இதனைப் புன்னகையோடு சொல்லலாம். ஏனெனில் வானொலி மாளவில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஓர் உண்மை இருந்தது. அப்படத்தை இயக்கியவர் ரஸ்ஸல் மல்காகி என்னும் ஆஸ்திரேலியர். அடுத்த ஆண்டில் சீகிரியாவுக்குப் படக்கருவியோடு வந்தவரும் அவரே.

அவர் உடன் அழைத்து வந்த குழுவின் பெயர் டுரான் டுரான். இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பேர்மிங்ஹாமில் 1978-ஆம் ஆண்டு நிக் ரோட்ஸ், ஜோன் டெய்லர் என்னும் நண்பர் இருவர் இதனைத் தொடங்கினர். பின்னர் ரொஜர் டெய்லர், அண்டி டெய்லர், பாடகர் சைமன் லெ பொன் ஆகியோர் சேர்ந்தனர். டெய்லர் என்று மூவர் இருப்பினும் மூவரும் உறவினர் அல்லர். ஐவரும் இருபது வயதை ஒட்டியவர்கள். உடையிலும் சிகை அலங்காரத்திலும் கருத்துடையவர்கள். இளம்பெண்கள் இவர்களின் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்தனர். மேடையில் இவர்கள் தோன்றினால் எழும் கூச்சலில் இசையே கேளாது போயிற்று. ஆடிப்பாட மட்டும் திரட்டப்பட்ட பிற்கால இளைஞர் குழுக்களைப் போலன்றித் தம் பாட்டைத் தாமே இயற்றி, தம் கருவிகளைத் தாமே வாசித்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1981-இல் இவர்கள் தாய்நாட்டில் பெயர் பெற்றுவிட்டனர். அமெரிக்காவோ இவர்களைப் பொருட்படுத்தவில்லை. 1982-இன் தொடக்கத்தில் ‘ரியோ’ என்னும் இரண்டாவது இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபின், அதிலுள்ள பாட்டுகளுக்குப் படம் பிடிக்கும் பொருட்டு இலங்கைக்கு வந்தனர். அவ்வாண்டு பெப்ரவரி 15-ஆம் தேதிதான் ரூபவாஹினி என்னும் தேசியத் தொலைக்காட்சி இந்நாட்டில் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி என்ற நிலை இன்னும் வராத நாட்டில், தொலைக்காட்சியையே நம்பிய புதுக்கலை ஒன்று அந்த ஏப்ரல் மாதத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

இங்கே படமான பாட்டுகளில் முதலில் வெளிவந்தது ‘ஹங்ரி லைக் தி வுல்ஃப்’. ஓநாயைப்போல் பசித்து என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். காதலியைத் தேடும் வேட்கையை வேட்டையாக உருவகித்த பாட்டு அது. மல்காகி அதனை ஒரு சாகசக் கதைபோல் எடுத்தார். கொழும்புத் தெருவின் நெரிசல், காலியை ஒட்டிய காட்சிகள், அடர்ந்த காடு, ஆறு ஆகியவற்றினூடே பாடகர் ஒரு பெண்ணைத் தேடி ஓடுகிறார். கொழும்புக் கோட்டையில் பழம்பெருமை வாய்ந்த பகோடா தேநீர்ச்சாலையில் அவர் மேசையைக் கவிழ்த்துவிட்டு எழும் காட்சி பலரும் அறிந்தது.

அப்பாட்டு 1982 மே மாதத்தில் இங்கிலாந்தில் வெளியாகி ஐந்தாம் இடம் வரை சென்றது. அமெரிக்காவில் முதன்முறை வெளியிட்டபோது எடுபடவில்லை. வானொலி நிலையங்கள் அதில் அக்கறை காட்டவில்லை. ஆயின் எம்.டி.வி.யோ, காட்டுவதற்குப் போதிய படங்கள் இன்றித் தவித்துக்கொண்டிருந்த நிலையம். இலங்கையின் காடும் கடலும் கொண்ட அப்படம் அதற்குப் பெருவிருந்தாயிற்று. மீண்டும் மீண்டும் காட்டினர். படத்தைக் கண்ட இளைஞர் வானொலியை அழைத்துப் பாட்டைக் கேட்டனர், வானொலியும் பின்தொடர்ந்தது. டிசம்பரில் மறுபடி வெளியிட்டனர். 1983 மார்ச்சில் அது அமெரிக்கப் பட்டியலின் மூன்றாம் இடத்தை எட்டியது. பாட்டைப் படம் இழுத்துச் சென்றதற்கு இதனை ஒரு தெளிவான சான்றாகக் கொள்வர் இசை வரலாற்றாசிரியர். 1984-இல் கிராமி விருதுகளில் குறும் பாட்டுப் படத்துக்குரிய பரிசும் அக்குழுவுக்குக் கிடைத்தது; பரிசு பெற்ற வெளியீட்டில் இந்தப் படம் ஒன்று, முந்திய ஆண்டின் மற்றொரு படம் ஒன்று.

சீகிரியாவுக்குரிய பாட்டு இதன் தோழி. ‘சேவ் எ பிரேயர்’ என்பது அதன் பெயர். ஒரு பிரார்த்தனையைப் பின்னைக்கென எடுத்து வை என்னும் கருத்துடையது. ஓரிரவில் சந்தித்து ஓரிரவில் பிரியும் இருவரைப் பற்றிய மெல்லிய பாட்டு அது. 1982 ஆகஸ்டில் வெளிவந்து இங்கிலாந்தில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. தென் கடற்கரை, பொலன்னறுவையின் புராதனக் கற்சின்னங்கள், யானைகள் ஆகியவற்றோடு சீகிரியாவும் அப்படத்தில் வருகின்றது. ஹெலிகொப்டரில் இருந்து படக்கருவி குன்றை நெருங்குகிறது. உச்சியின் செங்கல் அடித்தளங்களுக்கு நடுவே குழுவினர் சிறு உருவங்களாய்த் தெரிகின்றனர். பின்னர் கருவி விலக, குன்றும் காடும் விரிகின்றன. காசியப்பனின் அரண்மனைத் தளம் இவ்வளவு அழகாக அதற்குமுன் உலக இளைஞரின் கண்களுக்கு எட்டியதில்லை எனலாம். அதே 1982-ஆம் ஆண்டில்தான் யுனெஸ்கோ நிறுவனம் சீகிரியாவை உலக மரபுச் சின்னமாகப் பட்டியலிட்டது. அறிஞர் ஒரு வழியாலும் இளைஞர் மற்றொரு வழியாலும் ஒரே ஆண்டில் இக்குன்றைக் கண்டுகொண்டனர்.

ஆனால் இங்கே நின்று ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். அந்தப் பாட்டு சீகிரியாவைக் கண்டு பிறந்ததா? இல்லை. இலண்டனில் முன்பே பதிவாகிவிட்ட பாட்டு அது. அதில் சீகிரியாவின் பெயரும் இல்லை. இலங்கையின் பெயரும் இல்லை. பாட்டுக்கு அழகிய பின்புலம் வேண்டியிருந்தது, குன்று பின்புலமாயிற்று. படத்தில் தோன்றும் உள்ளூர் மக்களும் அவ்வாறே. கண்ணாடிச் சுவரில் எழுதியவர் ஓவியத்தைப் பார்த்துப் பேசினார். படத்தைக் கண்டவர்களோ குன்றைப் பார்க்காமல் அதன்மேல் நின்றவர்களைப் பார்த்தார்கள். இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. மலையுச்சியிலும் அருவிக்கரையிலும் கதைக்குத் தொடர்பில்லாத காதற்பாட்டைப் படம் பிடிப்பதில் நம் தமிழ்த் திரையுலகத்தாரை விஞ்சியவர் உண்டோ? காஷ்மீரத்துப் பனியிலே பாடியவர்கள் காஷ்மீரத்தைப் பற்றியா பாடினார்கள்? எனினும் பின்புலமாக நிற்கும் மண்ணில் வாழ்பவர்க்கு அது பின்புலம் அன்று என்பதை மறத்தலாகாது.

அந்நாட்களின் இலங்கையை எண்ணிப் பாருங்கள். படக்குழு வருவதற்கு ஓராண்டுக்கு முன், 1981 மே 31-ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓநாய்ப் பாட்டு அமெரிக்காவில் மூன்றாம் இடம் பெற்ற நான்கு மாதத்துக்குள், 1983 ஜூலையில், தமிழர்மீது நிகழ்ந்த வன்செயல் நாட்டையே உலுக்கிற்று. பாட்டுப் படத்தில் மக்கள் நெரிசலோடு விளங்கிய கொழும்பில்தான் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தொடர்ந்த போர் 2009 வரை நீடித்தது. தொலைதேசத்து இளைஞன் ஒருவன் தன் தொலைக்காட்சியில் மாறாத அமைதி தவழும் பச்சைத் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தீவிலிருந்து அகதியாய்ப் புறப்பட்ட தமிழ் இளைஞன் ஒருவன் அதே நகரத்தில் வந்து இறங்கியிருக்கவும் கூடும். ஐந்து நிமிடப் பாட்டு ஒரு நாட்டின் துயரையெல்லாம் சுமக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அழகிய படத்தைக் கண்டு ஒரு நாட்டை அறிந்துவிட்டோம் என்று எண்ணுவதே பிழை. அப்பிழை அயலாருக்கு மட்டும் உரியதும் அன்று. சீகிரியாவுக்குச் சுற்றுலாச் செல்லும் நாமும் அதைச் செய்வதுண்டு.

பாட்டின் கதை 1982-இல் முடிந்துவிடவில்லை. 2015-இல் ‘ஈகிள்ஸ் ஒஃப் டெத் மெட்டல்’ என்னும் அமெரிக்கக் குழு அதே பிரார்த்தனைப் பாட்டைத் தன் இசைத்தொகுப்பில் பாடி வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் தேதி பாரிஸ் நகரில் 130 பேரைப் பலிகொண்ட தாக்குதல்கள் நிகழ்ந்தபோது, பட்டக்ளான் அரங்கில் பாடிக்கொண்டிருந்தவர்கள் இக்குழுவினரே. மாண்டவர்களை நினைந்து மக்கள் அந்தப் பாட்டை வாங்கிக் கேட்டனர். டுரான் டுரான் குழுவினர் அதனால் தமக்கு வரும் வருவாயை அறப்பணிக்கு அளிப்பதாக அறிவித்தனர். ஓரிரவுச் சந்திப்பைப் பாடிய பாட்டு இரங்கற்பாட்டாயிற்று. அப்போது அதைக் கேட்டோருக்குச் சீகிரியாவும் யானையும் தேவைப்படவில்லை. கண்ணுக்குப் போன பாட்டு காதுக்குத் திரும்பி வந்தது. காட்சி பாட்டைப் பரப்பலாம். பாட்டு மனத்தில் தங்குவதற்கு வேறு காரணங்கள் வேண்டும்.

டுரான் டுரான் குழு 2022-இல் அமெரிக்காவின் ரொக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. சீகிரியாவோ முன்போலவே நிற்கின்றது. 1967-இல் கயவர் சிலர் அதன் ஓவியங்கள்மீது சாயம் பூசிச் சிதைத்தபோதும், வல்லுநர் வந்து மீட்டெடுத்தனர். கண்ணாடிச் சுவரில் இன்று எவரும் எழுதுதல் கூடாது. எழுதினால் தண்டனை உண்டு. அது முறையே. பழைய பாட்டுகளைக் காப்பதற்குப் புதிய பாட்டுகளைத் தடுக்கத்தான் வேண்டும். ஆகவே இக்காலத்து யாத்திரிகன் தன் பாட்டை வேறிடத்தில் வைக்கின்றான். சிலர் தாளில், சிலர் நாடாவில், சிலர் படச்சுருளில்.

எங்கே வைத்தாலும், அப்பழைய யாத்திரிகரிடம் கற்க வேண்டிய பண்பு ஒன்று உண்டு. அவர்கள் வந்த இடத்தைப் பார்த்தார்கள், பார்த்ததைச் சொன்னார்கள், தாம் இன்னார், இன்ன ஊரார் என்று பெயரும் பொறித்தார்கள். மேனாட்டு இளைஞர் விட்டுச் சென்ற படத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. அவற்றைச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. அந்தப் பாட்டை எங்கேனும் கேட்கும்போது, அல்லது அந்தப் படத்தைக் காணும்போது, அருகில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் குன்றின் பெயரைச் சொல்லுங்கள். காசியப்பனையும் முகலனையும் சொல்லுங்கள். சுவரில் பாடி வைத்த பெண்களையும் பிக்குகளையும் சொல்லுங்கள். கூடவே, அந்த ஆண்டுகளில் இந்நாட்டு மக்கள் பட்டதையும் சொல்லுங்கள்.